ஒரே ரக இன்ஜின்... வானில் விமானம், தரையில் கார்! மேசைக்கு வரும் வேக ஜோடி

சென்னையிலிருந்து மேல்சித்தாமூருக்குக் கால் மணி நேரத்தில் போய்விட முடியுமா? 1931-லேயே அந்த வேகத்தில் பறந்தது ஒரு விமானம்! பிரிட்டனின் 'சூப்பர்மரீன் எஸ்.6பி'. அந்த ஆண்டு செப்டம்பர் 29-ல், ஜார்ஜ் ஸ்டெய்ன்ஃபோர்த் அதை மணிக்கு 655 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

ஆனால், இந்த விமானம் பிறக்காமலே போயிருக்கும். ஷ்னைடர் கோப்பைப் போட்டிக்குப் பணம் இல்லை என்று அரசு கைவிரித்தது. லூசி ஹூஸ்டன் என்ற பெண்மணி 1 லட்சம் பவுண்டு கொடுத்துக் காப்பாற்றினார்.

அதே ரக ரோல்ஸ்ராய்ஸ் 'ஆர்' இன்ஜினைத்தான் மால்கம் கேம்ப்பெல் தன் 'புளூபேர்ட்' காரில் பொருத்தினார். 1935-ல் அமெரிக்காவின் உப்புச் சமவெளியில் மணிக்கு 484 கி.மீ. தொட்டார்.

இந்த ஜோடியை மாடலாகச் செய்ய ஆசையா? இரண்டையும் ஒரே அளவில் செய்யுங்கள். 1:48 என்றால், 9.14 மீட்டர் இறக்கை 19 செ.மீ. ஆகிவிடும். இறக்கையில் பசை வழியக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஏனென்றால், நிஜ விமானத்தில் இறக்கையின் மேல்பரப்பே ரேடியேட்டர்! இன்ஜின் சூடாக்கிய தண்ணீர் அதில் ஓடித்தான் குளிர்ந்தது.

சாதனை விமானம் இன்று பிரிட்டனில், கார் அமெரிக்காவில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, மாடல் செய்பவரின் மேசையில்தான்!