மண்வாரி யந்திரமும் காலைப் பதினைந்து நிமிஷமும்

பூமியைத் தோண்டி மண்ணையும் கல்லையும் வாரி லாரியில் ஏற்றும் சங்கிலிச் சக்கர யந்திரத்தை நம்மவர் 'பொக்லைன்' என்றோ 'ஹிட்டாச்சி' என்றோ அழைப்பது வழக்கம். முன்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பின்னது ஒரு ஜப்பானியக் கம்பெனியின் பெயர். யந்திரத்தை யார் செய்திருந்தாலும் அழைக்கும் பெயர் மாறுவதில்லை. வட மாநிலங்களிலும் 'போக்லேன்' என்றே சொல்லுகிறார்கள். ஆதலால் ஊர்விட்டு ஊர் சென்ற தமிழ் ஆப்பரேட்டருக்கு இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை மொழிச் சங்கடம் இல்லை. மற்றச் சொற்களில்தான் சங்கடம்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய யந்திரம் ஒன்றின் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. கலைப் பாடம் பயின்ற நாம் அகராதியை நம்பி இறங்கினோம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பொருத்தியுள்ள இரும்புத் தகட்டை ஆங்கிலத்தில் 'ஷூ' என்பர். நாம் அதைத் 'தடக் காலணி' என்று எழுதிவைத்தோம். தில்லிக்கு வெளியே ஒரு கட்டட வேலைத் தலத்தில், சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆப்பரேட்டர் ஒருவரிடம் வரைவைப் படித்துக் காட்டியபோது, "சார், செயினுக்குச் செருப்பெல்லாம் வேண்டாங்க, பிளேட்டுன்னே போடுங்க" என்றார். அப்படியே போட்டோம்.

அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் நடுக் கணுவோடு நின்றிருந்தது. காரணம் கேட்டோம். ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்றில் எண்ணெய் கசிவது தெரிந்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். முள் குத்தியதுபோல் இருந்ததாம்; ரத்தங்கூடச் சரியாக வரவில்லை. மாலை வரை வேலை செய்தார். இரவில் கை வீங்கிவிட்டது. மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று, அந்த மாநிலத்து மொழியில் தமக்குத் தெரிந்த அளவில், "எண்ணெய்க் குழாய் குத்திவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். குழாயின் முனை கீறியது போலும் என்று கருதி, அவர்கள் களிம்பு தடவி ஊசி போட்டு அனுப்பிவிட்டனர். இரண்டு நாள் சென்று வேறோர் இடத்தில் விரலையே எடுக்க நேர்ந்தது.

அவர் சொன்னதன் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம். மோட்டார்க் காரின் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. இருபது டன் மண்வாரியின் ஹைட்ராலிக் எண்ணெயோ, வேலை செய்கையில் 350 கிலோ அளவுக்கு அழுத்தம் பெறுகிறது. ஹோஸில் ஊசித் துளை அளவு வெடிப்பிருந்தாலும், அதன் வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பரவிவிடும். வெளியே தெரியும் காயம் ஒரு புள்ளிதான். உள்ளே தசை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தாலன்றிக் கையைக் காப்பது கடினம். வலி இல்லையே என்று காத்திருக்கலாகாது. எந்த மாநிலத்து மருத்துவருக்கும் விளங்கக்கூடிய சொற்கள் 'ஹை பிரஷர் ஆயில் இன்ஜெக்ஷன்' என்பன. எழுத்தறியாத தோழருக்கும் இவற்றை வாய்ப்பாடம் செய்துவைக்கலாம்.

கசிவைப் பார்க்கவேண்டிய நேரம் காலை. என்ஜினை முடுக்குவதற்கு முன்பு. தூசி படிந்த யந்திரத்தில் எண்ணெய் கசிந்த இடம் ஈரமாகக் கறுத்துத் தெரியும். யந்திரத்தின் கீழே தரையிலும் சொட்டு விழுந்திருக்கும். ஓடும்போது பார்க்கவேண்டி வந்தால், கண்ணாடி அணிந்து, எட்ட நின்று, ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவேண்டும். கை மட்டும் ஆகாது.

யந்திரத்தைச் சுற்றி ஒரு முறை நிதானமாக நடந்து வருவதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். முதலில் அடியில் குனிந்து பாருங்கள். நம் நாட்டு வேலைத் தலங்களில் யந்திரத்தின் நிழலில் கூலியாட்கள் படுத்துறங்குவதுண்டு. குழந்தையைக் கிடத்திவிட்டுப் போவதும் உண்டு. எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் நாம் காணாத இந்தக் குறிப்பை அந்தச் சேலத்துக்காரர்தாம் முதலாவதாக எழுதச் சொன்னார். பின்பு செயினைப் பாருங்கள். பிளேட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தால், அதன் தலையைச் சுற்றித் துருக்கோடோ தேய்ந்த பளபளப்போ காணப்படும். ஸ்புராக்கெட் பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் உள்ளே சீல் கெட்டிருக்கிறது என்று அறியலாம். அந்த ஸ்புராக்கெட் முன்புறம் இருக்கிறதா, பின்புறம் இருக்கிறதா என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். அது பின்னால் இருக்கும்போதே லீவரை முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும்; மேற்பகுதி திரும்பி நின்றிருந்தால் எல்லாம் தலைகீழ்.

செயினின் தொய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இறுக்கம் மிகுந்தால் பின்னும் புஷ்ஷும் விரைவில் தேயும். தொய்வு மிகுந்தால் செயின் கழன்றுவிடும். சேற்று நிலத்தில் சற்றே தளர்வாக இருப்பது நலம். ஏனெனில் சேறு அடைந்துகொண்டு தானே இறுக்கிவிடும். அளவு யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடுவதால் அதனதன் புத்தகத்தையே நம்புக. செயினை இறுக்குவது உள்ளே அடைத்த கிரீஸின் அழுத்தம். தளர்த்துவதற்கு வால்வைத் திருகும்போது, ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். வால்வே தெறித்து உயிர் போகக்கூடும். விரலைத் துளைத்த எண்ணெய்க்கும் இந்தக் கிரீஸுக்கும் குணம் ஒன்றே.

என்ஜின் எண்ணெய், ரேடியேட்டர் ஜலம், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகிய மூன்றின் மட்டத்தையும் சம தரையில் நிறுத்திப் பார்க்கவேண்டும். குறைந்திருந்தால் மட்டுமல்ல, ஏறியிருந்தாலும் சந்தேகம் கொள்ளுங்கள். என்ஜின் எண்ணெய் தானாகக் கூடினால் டீசலோ ஜலமோ கலந்திருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதிலும் ஜலம் புகுந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கலாகாது என்பதை அறியாதவர் இல்லை. ஆயினும் அவசரத்தில் திறந்து முகம் வெந்தவர் உண்டு. டீசலில் கலந்த ஜலம் இரவில் அடியில் தங்கிவிடும் ஆதலால், காலையில் அதனை வடித்துவிடுவதே முறை. மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவைத்தால், காலி இடத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து ஜலமாவது குறையும்.

பக்கெட்டு, ஆர்ம், பூம் ஆகியவற்றின் பின்களுக்குக் கிரீஸ் வைப்பது ஹெல்பரின் வேலை என்று ஒதுக்குவோர் பலர். புதிய யந்திரங்கள் சிலவற்றில் இதற்கு நீண்ட இடைவெளி உண்டு. எனினும் சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்தால் தினமும் வைக்கவேண்டும். நிப்பிளைத் துடைக்காமல் வைத்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே அனுப்பியவராவோம். எண்ணெய், பில்டர் மாற்றுவதெல்லாம் மணி மீட்டரின் கணக்குப்படி நடப்பவை. என்ஜின் எண்ணெய்க்கு 250 அல்லது 500 மணி என்பது பொது வழக்கம்.

என்ஜினை முடுக்கிய பின்னும் உடனே தோண்டத் தொடங்கலாகாது. தமிழ்நாட்டில் வேலை பழகியவருக்குப் பஞ்சாபின் மார்கழிக் காலை புதிது. குளிரில் எண்ணெய் தடித்திருக்கும். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பின் பூமையும் பக்கெட்டையும் மெல்ல ஆட்டிச் சூடேற்றவேண்டும். அதற்குமுன் ஒரு சோதனை உண்டு. இருக்கையின் இடப்புறமுள்ள பூட்டு லீவரைப் பூட்டிய நிலையில் வைத்து, வேலை லீவர்களை இலேசாக ஆட்டினால் எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ஹாரன், கண்ணாடிகள், இருக்கை வார் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. மேற்பகுதி சுழலும்போது பின்பாரத்திற்கும் சுவருக்கும் இடையில் மனிதர் நிற்க இடமிருந்தால், அங்கே கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

மாலையில் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினைச் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, செயினில் அடைந்த சேற்றை அது காயுமுன் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளவேண்டும். மணி மீட்டரின் எண்ணையும் அன்று கண்ட குறைகளையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது நியதி. சேலத்துக்காரருடைய இரவு ஷிப்டுக்கு வருபவர் ஒடிசாவைச் சேர்ந்தவர். இவர் தமிழில் எழுதியதை அவரால் படிக்க இயலாது. ஆகவே இவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி வைத்திருக்கிறார். ஹோஸில் கசிவு கண்ட இடத்திலும் போல்ட்டு தளர்ந்த பிளேட்டிலும் வட்டமிட்டுவிட்டு இறங்குகிறார். காலையில் வந்து பார்க்கையில் சில வட்டங்கள் அழிக்கப்பட்டிருக்கும்; புதிதாக ஒன்றிரண்டு வரையப்பட்டிருக்கும்.