தீர விசாரிக்கும் கல்வி

2018ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தைச் சேர்ந்த ரைன்பாடா என்னும் சிற்றூரில், பிழைப்புத் தேடி வந்த ஐவர் பெருங்கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று இரந்து வாழும் நாடோடிச் சமூகத்தினர். குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்ஆப் வழியே பரவிய வதந்தியே இக்கொடுமைக்கு வித்திட்டது.

அந்நாட்களில் நாட்டின் பல பகுதிகளிலும் உலவிய வீடியோ ஒன்றின் வரலாறு ஆராயத்தக்கது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்வதை அதில் பலரும் கண்டனர். உண்மையில் அது, பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்துவதற்காக நடித்து எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படமாகும். குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, விளக்க அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டி நீக்கிவிட்டனர். கண்ணால் கண்டதும் பொய்யானது இவ்வாறுதான்.

இதன்பின் சில தடைகள் விதிக்கப்பட்டன. 2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. அதே மாதம் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் ஒரு காவல்துறை அதிகாரியைப் பொறுப்பாக்குமாறு மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. இவை தேவையானவையே. எனினும், வரம்பு வதந்தியின் வேகத்தைக் குறைக்குமேயன்றி, மெய் எது, பொய் எது என உரைக்காது. அப்பகுத்தறியும் பொறுப்பு செய்தியைப் பெறுபவரையே சாரும்.

இத்திறனைக் கற்பிக்க இயலும். கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018ஆம் ஆண்டிலேயே ‘சத்யமேவ ஜயதே’ என்ற திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொய்ச் செய்திகளை இனங்காணும் பயிற்சியை அளித்தது. இச்செய்தியை முதலில் வெளியிட்டவர் யார்? எங்கு, எப்போது நிகழ்ந்தது? இக்காட்சிக்கு முன்னும் பின்னும் இருந்தது என்ன? நம்பத்தக்க பிற செய்தியாளர் இதனை உறுதி செய்துள்ளனரா? செயற்கை நுண்ணறிவால் படமும் குரலும் புனையப்படும் இக்காலத்தில், இவ்வினாக்கள் முன்னினும் இன்றியமையாதன.

அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. உரிய நேரத்தில், உள்ளூர் மொழியில் உண்மை அறிவிக்கப்படாத இடத்தில் வதந்தி வேரூன்றும். தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. விசாரிக்க ஆகும் சில நிமிடங்கள், முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கக்கூடும்.