கண் மூடிய கோழியா? முதலில் மோந்து பாருங்கள்!

ஐப்பசி மழை பிடித்ததும் காரைக்குடி, குன்றக்குடி, கல்லல் பக்கம் புறக்கடையில் சிறுவிடைக் கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: ‘கோழிக்குக் கண் வீங்கி மூடிக்கிடக்கிறது, என்ன சொட்டு மருந்து விடலாம்?’

எதையும் விடுவதற்கு முன், கோழியைத் தூக்கி மோந்து பாருங்கள். மூக்கில் சளி ஒழுகி, கண்ணுக்குக் கீழே முகம் உப்பி, அழுகல் வாடை அடித்தால் அது பெரும்பாலும் ‘கொரைசா’. அவிபாக்டீரியம் பாராகல்லினேரம் என்ற பாக்டீரியாவால் வரும் சளி நோய். கிருமி இருப்பது மூக்கிலும் முகத்தின் காற்றறைகளிலும். கண்ணுக்கு மட்டும் சொட்டு விட்டுக்கொண்டிருந்தால் இன்று ஒன்று, மறுநாள் பத்து என்று பரவிவிடும். தொற்றிய 1 முதல் 3 நாள்களில் அறிகுறி தெரியும். சாவு குறைவுதான், ஆனால் முட்டை 10 முதல் 40 சதவிகிதம் வரை சரியும்.

வாடை இல்லையா? இமையிலும் கொண்டையிலும் பொருக்கு இருந்தால் அம்மை, அது வைரஸ். இமைக்குள் தயிர்க்கட்டி போலத் திரண்டிருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், முருங்கைக்கீரை கொடுங்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண்ணே எரிந்தால், குற்றவாளி அமோனியா. சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுகிறோமே, அதன் பலன். மேல்பக்கம் காற்றுக்கு வழிவிட்டு, நனைந்த கூளத்தை அள்ளிவிடுங்கள். கழுத்து முறுக்கலும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொரைசா என்றால் நோய்க்கோழியைப் பிரித்து, கொதித்து ஆறிய உப்புநீரில் கண்ணைத் துடைத்துவிடலாம். வெங்காயச் சாறெல்லாம் வேண்டாம், பாவம்! மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; பெரும்பாலும் மொத்தக் கூட்டத்துக்கும் குடிநீரில் கலந்து தரச் சொல்வார். டெட்ராசைக்ளின் வகை என்றால் அந்த நாள்களில் கிளிஞ்சல் வைக்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மருத்துவர் சொல்லும் நாள்வரை முட்டையை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தேறிய கோழி பார்க்க நன்றாக இருக்கும். கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். சந்தையில் வாங்கிய ‘நல்ல’ சேவல் வழியாக நோய் நுழைவது இப்படித்தான். பழைய கூட்டத்தில் புதுக்குஞ்சைச் சேர்க்காதீர்கள். கூட்டத்தைக் கழித்தபின் கொட்டகையைக் கழுவி, 2, 3 வாரம் காயப்போடுங்கள். கோழி உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி நெடுநாள் தாங்காது.

வழிவழியாக வளர்த்த இனம் போய்விடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கொரைசா முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை. முட்டைகளை அதே கூட்டத்துக் கோழியிடம் அடைவைக்காமல், இன்குபேட்டரில் பொரித்து, குஞ்சுகளைத் தனி இடத்தில் வளருங்கள்.