உங்கள் காரின் ஸ்டியரிங் திரும்ப அழைக்கப்பட்டதா?

வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் வழியாக மன்னாருக்கு ஓடும் கார், வேன்களில் பல, ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வந்தவை. வாங்கும்போது மைலேஜ், பெயின்ற், ஏசி எல்லாம் பார்க்கிறோம். கம்பனியே பழுது என்று அறிவித்துத் திரும்ப அழைத்த வண்டியா என்று விசாரிப்பவர்கள் குறைவு.

2012 நவம்பரில் டொயோட்டா உலகெங்கும் 27 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் தலைமுறை பிரியஸும் அதில் அடங்கும். ஸ்டியரிங்கை சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் இடைத்தண்டின் ஒரு பகுதிக்குப் போதிய உறுதி இல்லை. வண்டியை மெதுவாக ஓட்டியபடி ஸ்டியரிங்கை அடிக்கடி முழுவதுமாக ஒடித்தால் அது தேய்ந்துபோகக்கூடும்.

2023 ஜூலையில் இந்தியாவின் மாருதி சுசுகி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளை அழைத்தது. முன்சில்லைத் திருப்பும் டை றொட் அரிதாக முறியலாம் என்பதே காரணம்.

இப்படி அழைத்த வண்டியின் பழுதைக் கம்பனியே இலவசமாகத் திருத்திக் கொடுக்கும். ஆனால் அறிவிப்புக் கடிதம் ஜப்பானில் பதிவான பழைய உரிமையாளருக்குத்தான் போகும். கைமாறிக் கடல் தாண்டி வந்த வண்டியின் உரிமையாளருக்கு அது எட்டாது.

ஆகவே நாமே தேட வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கத்தைக் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் கொடுத்தால், திருத்த வேலை பாக்கியா என்று தெரியும். இரண்டாம் தலைமுறை பிரியஸின் இலக்கம் ‘என்எச்டபிள்யூ20’ என்று தொடங்கும். பாக்கி இருந்தால் அந்த இலக்கத்தோடு இலங்கை முகவரிடம் பேசுங்கள். ஸ்டியரிங் ஆடினாலோ, திருப்பும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்டாலோ, அதுவரை காத்திராமல் உடனே கராஜில் காட்டுங்கள்.