கிளம்பும் முன் ஒரு சோதனை

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "கேஸை மூடியாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று வாசலில் நின்று கேட்பார் என் மனைவி. மென்பொருள் வேலையிலும் அப்படி ஒரு குரல் வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை, தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த கோப்பைத் தெரியாமல் குழுவின் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். உடனே அழித்தேன், ஆனால் 'கிட்' பழைய பதிவுகளையும் வைத்திருக்குமே! கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி தூக்கமில்லை.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இந்த கிட்டிலேயே தடுப்பும் உண்டு. 'ப்ரீ-கமிட்' என்ற பெயரில் சிறு நிரலொன்றை அதன் 'ஹூக்ஸ்' அடைவில் வைத்தால், ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் அது ஓடும். கடவுச்சொல், இலக்கணப் பிழை, அளவுமீறிய கோப்பு என எது தட்டுப்பட்டாலும் கமிட்டை நிறுத்திவிடும்.

ஆனால் களஞ்சியத்தை நகலெடுப்பவருக்கு இந்த ஹூக் கூடவே போகாது. 'ப்ரீ-கமிட்' என்றே பெயர்கொண்ட கருவி இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பைக் களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொருவரும் தம் கணினியில் ஒருமுறை நிறுவிக்கொள்ள வேண்டும். அவசரக்காரர் 'நோ-வெரிஃபை' போட்டுத் தாண்டிவிடுவார் என்பதால், அதே சோதனை சர்வரிலும் இருக்கட்டும். ஆனால் ஏற்றிய பிறகு சர்வர் கண்டுபிடித்தால், ரகசியம் அதற்குள் வாசல் தாண்டியிருக்கும். வீட்டிலேயே பார்த்துவிடுவதுதான் நல்லது.