கேரம் அறையைத் திறப்பது யார்?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் கேரம் பயிற்சி அறையில் கூட்டம் தாங்கவில்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஆட்டம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. "மாஸ்டர், எம் பொண்ணுக்கும் கோடி வருமா?" என்று ஒரு அம்மா கேட்டே விட்டார். "மொதல்ல பவுடர் காசு குடும்மா" என்றேன்.

சென்னைக்கு இது புதிதில்லை. 1991, 1995 என இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் பட்டம் வென்ற இளவழகி, வியாசர்பாடி. அவருடைய அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும். கேரத்துக்கு 74 செ.மீ. சதுரத்தில் ஒரு பலகை, மேலே ஒரு பல்பு, நான்கு ஸ்டூல். ஒண்டுக்குடித்தனத்தில் கால் நீட்டிப் படுக்கவே இடமில்லாத பிள்ளைக்கு அந்த ஸ்டூல் பெரிய விஷயம்.

ஆனால் அதே பலகையைத் தெருமுனையில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தே வளர்ந்தவன் நான். பீடிப் புகை, பந்தயம், கடைசியில் கைகலப்பு. "கேரம் கிளப்" என்றாலே பெற்றவர்கள் முகம் சுளித்ததற்குக் காரணம் உண்டு. பலகை ஒன்றுதான், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம். எங்கள் பக்கத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. ரிப்பன் வெட்டியதோடு சரி, கருவிகள் துருப்பிடிக்கின்றன. கட்டடத்துக்கு நிதி வந்துவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

காசிமேட்டுப் பையன் ஒருவன் வந்தான். பத்தாவதில் கணக்கில் ஃபெயில். விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கும் வேலை. தூக்கிப் பழகிய கை, ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் குழியில் மோதித் திரும்பி வரும். காயை மெல்லத் தள்ளிக் குழியின் விளிம்பிலேயே நிறுத்தச் சொன்னேன். உள்ளே விழக்கூடாது. "போட்டாத்தானே மாஸ்டர் கேம்?" என்று ஸ்டூலை உதைத்துவிட்டுப் போனான். மறுநாளே வந்து நின்றான். காய் விளிம்பில் நிற்கப் பழகுவதற்குள் அவன் கோபமும் பாதி இறங்கியிருந்தது.

ஒரு ஆட்டம் 25 புள்ளி. எதிராளியின் காய் பலகையில் மீதி எத்தனையோ, அத்தனை புள்ளி ஜெயித்தவருக்கு. ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டு, ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் அடுத்துப் போட்டிருந்தால் கூட மூன்று. 22-ஐத் தொட்டபின் அந்த மூன்று கிடையாது. கணக்கில் ஃபெயிலானவன் நாலு பலகையின் ஸ்கோரையும் எழுதாமல் மனசிலேயே வைத்திருந்தான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டவைத்தோம். இப்போது ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். அவனோடு சேர்ந்த இன்னொருவன் பந்தயத்துக்கே திரும்பிப் போய்விட்டான். திரும்பிப் போனவன் கை இவன் கையைவிட நல்ல கை.

கேரம் ஆடினால் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பலமுறை தேசிய சாம்பியனான ரஷ்மி குமாரி ஓஎன்ஜிசியில் வேலை பார்க்கிறார். வேறு சில பொதுத்துறை நிறுவனங்களும் கேரம் ஆட்டக்காரர்களை எடுத்ததுண்டு. ஆனால் ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம் இது. இதை நம்பிப் படிப்பை விடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஆறரை வரை தனி நேரம். பையன்கள் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது. அந்த நேரத்துக்குக் கதவைத் திறப்பது எங்களிடம் ஆடிப் பழகிய கல்லூரி மாணவி ஒருத்தி. அவள் இருப்பதால்தான் பல வீடுகளில் பெண்ணை அனுப்புகிறார்கள். மாதம் அவளுக்கு ஒரு தொகை கொடுக்கிறோம். உதவி செய்ய வருகிறவர்களிடம் அந்தத் தொகையைக் கேட்டால் பின்வாங்குகிறார்கள்: "போர்டு வாங்கித் தர்றோம் சார், சம்பளமெல்லாம் எதுக்கு?" போர்டு நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.