வேகத்தின் கதை – 18: கறுப்பு சைக்ளோன்

சுமை இல்லாமல் ஓடும் பிக்கப் வண்டிக்குப் பின்பக்கம் ரொம்ப லேசு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஓட்டுநர் என்று கனமெல்லாம் முன்னால் சேர்ந்துவிடும். பின்சக்கரங்களின் மேல் இருப்பது வெறும் தகரத் தொட்டி. ஈரமான சாலையில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் வேகமாக மிதித்தால் போதும், பின்டயர்கள் வழுக்கி வண்டியின் வால் ஒரு பக்கமாக வெட்டும். இந்தக் குணத்துக்கு வழி செய்யாமல் எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் அதன் சக்தி டயர் புகையாகத்தான் போகும். அமெரிக்காவில் வேகத்துக்காகச் செய்த பல பிக்கப்புகள் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டன. 1991-ல் ஜிஎம்சி விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்ளோன் கோட்டை விடவில்லை. அந்தக் குட்டி பிக்கப்பை நான் உயர்வாக மதிப்பதற்கு முதல் காரணம் இதுவே.

சென்ற வாரம் ஜிஎம்சியின் சகோதர பிராண்டான ப்யூக்கின் கிராண்ட் நேஷனல் காரின் உற்பத்தி 1987 டிசம்பரோடு முடிந்ததைப் பார்த்தோம். கார் போனாலும் அதன் டர்போ வி6 எஞ்சினுக்கு வேலை மிச்சமிருந்தது. 1989-ல் பான்டியாக் டிரான்ஸ் ஏம் காரின் 20-ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்புக்கு அதே எஞ்சின் போனது. மொத்தம் 1,555 கார்கள். அவற்றில் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தது பிஏஎஸ் என்ற சிறிய நிறுவனம். ஜிஎம்சி அந்தச் சமயத்தில் காட்சிக்கு வைத்த சைக்ளோன் மாதிரி வண்டியிலும் ப்யூக் எஞ்சின்தான் இருந்தது. ஆனால் கடைக்கு வந்த வண்டியில் அது இல்லை.

அதற்குப் பதிலாக, சோனோமா பிக்கப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 4.3 லிட்டர் வி6 எஞ்சினையே எடுத்துக்கொண்டார்கள். செவர்லேயின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினில் இரண்டு சிலிண்டரைக் கழித்து உருவானது அது. மளிகை மூட்டையும் மரச்சட்டமும் ஏற்றிப் போகிறவர்களுக்கு அதன் 160 குதிரைத்திறன் தாராளம். அதில் மிட்சுபிஷி டர்போவை ஏற்றி, பிஸ்டன்களை மாற்றிக் கம்ப்ரஷனைக் குறைத்து, சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு அழுத்தத்தில் காற்றைத் திணித்தார்கள். அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவது போலத்தான். சூடான காற்று எஞ்சினுக்குள் போனால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். அதனால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் ஒன்றை வைத்து, அதற்கென்று முன்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டரும் கொடுத்தார்கள். இத்தனையும் சேர்ந்து 280 குதிரைத்திறன், சுமார் 475 நியூட்டன் மீட்டர் டார்க்.

இப்போது அந்த லேசான வாலுக்கு வருவோம். சக்தி நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் போனது: முன்னால் 35 சதவீதம், பின்னால் 65. பிரித்துக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் கேஸ், குடும்பத்தோடு ஊருக்குப் போகும் அஸ்ட்ரோ வேனில் இருந்தது. பந்தயக் காரிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. கையில் இருந்த சாமான்களில் எது எதோடு சேரும் என்று தெரிந்து சேர்த்த மூளை அது. பெரிய நிறுவனங்களில் இது அபூர்வமாகத்தான் நடக்கும்.

ஓட்டுநர் செய்ய வேண்டியதும் எளிது. கிளட்ச் கிடையாது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வலது காலால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். டாஷ்போர்டில் டர்போ அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறும். அந்த டாஷ்போர்டு மீட்டர்கள்கூடப் பான்டியாக் சன்பேர்ட் டர்போ காரிலிருந்து வந்தவை. பிரேக்கை விட்டதும் நான்கு டயரும் ஒரே நேரத்தில் சாலையைப் பற்றும்.

அதன் பலன் 1991 செப்டம்பர் மாத ‘கார் அண்ட் டிரைவர்’ இதழில் தெரிந்தது. சைக்ளோனையும் ஃபெராரி 348 காரையும் அருகருகே நிறுத்திச் சோதித்தார்கள். கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 400 மீட்டரை, பிக்கப் 14.1 நொடியில் கடந்தது, ஃபெராரிக்கு 14.5 நொடி. சுமார் 26,000 டாலர் வண்டி, ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள காரை முந்திவிட்டது. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது சைக்ளோனின் வேகம் மணிக்கு 93 மைல், ஃபெராரியின் வேகம் 99. ஓட்டம் இன்னும் நீண்டிருந்தால் ஃபெராரிதான் ஜெயித்திருக்கும். பிக்கப் சம்பாதித்தது முழுக்க முதல் சில நொடிகளில், டயர் வழுக்காமல் கிளம்பியதில். எந்தப் பலவீனத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தார்களோ அங்கிருந்தே வெற்றி வந்தது என்பது எனக்கு அந்த 0.4 நொடியைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. சுமை 500 பவுண்டுக்கு, சுமார் 227 கிலோவுக்கு மேல் கூடாது, கரடுமுரடான பாதையில் ஓட்டக் கூடாது என்று நிறுவனமே எச்சரித்தது. தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த உடம்பு, 16 அங்குலச் சக்கரத்தில் பட்டையான ஃபயர்ஸ்டோன் டயர், தொட்டிக்கு மூடி. வெளியே ஒரே நிறம், கறுப்பு. உள்ளேயும் கறுப்பு இருக்கைதான்; ஓரத்தில் சிவப்புக் கரை, தலைசாய்ப்பில் சிவப்பு நூலில் பின்னிய பெயர். அந்தக் காலத்துப் பிக்கப்புகளில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே ஏபிஎஸ் பிரேக் இருந்தது. இதில் நான்குக்கும் இருந்தது. வேகமாகப் போகிற வண்டியை நிறுத்துவதைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்.

இவ்வளவு மாற்றங்களைப் பெரிய ஆலையின் வரிசையில் செய்ய முடியாது. சோனோமாக்கள் மிச்சிகனில் உள்ள டிராய் நகருக்கு, அதே பிஏஎஸ் நிறுவனத்துக்குப் போய்த்தான் சைக்ளோன்களாக மாறின. 1991-ல் 2,995 வண்டிகள். 1992-க்கென்று வெறும் மூன்று. அதோடு முடிந்தது. அதே 1992-ல் வந்த சோனோமா ஜிடி என்ற வண்டியில் சைக்ளோனின் தோற்றம் இருந்தது. டர்போவும் இல்லை, நான்கு சக்கர இழுவையும் இல்லை. எதனால் அது வென்றது என்பதை விட்டுவிட்டு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் விற்றார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தரும் முடிவு அது. நல்லவேளை, எஞ்சினும் இழுவை அமைப்பும் வீணாகவில்லை. இரண்டையும் அப்படியே தூக்கி, பின்னிருக்கையும் கூரையும் உள்ள ஜிம்மி வண்டியில் வைத்தார்கள். டைஃபூன் என்ற அந்த வண்டி சைக்ளோனைவிட அதிகம் விற்றது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)